510ஆவது மைல் வரை: சேர்ச்சில் ரயில் குறிப்புகள்

ஒக்ரோபர் 13, 2025. திங்கள், வினிபெக்

வண்டி நாளை மதியம்தான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. மாலையில் நிலையம் வரை நடந்துபோய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். 1911இல் திறந்த கட்டடம். நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தை வடிவமைத்தவர்களே இதையும் வடிவமைத்தார்கள். ஒரு காலத்தில் மேற்குக் கனடாவுக்குக் குடியேற வந்தவர்களில் பலர் இறங்கிய வாசல். இன்றைக்கு வாரத்தில் சில வண்டிகள்தான். அவற்றில் ஒன்று ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சேர்ச்சிலுக்குப் போகிறது. ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர், இரண்டு இரவுகள்.

அந்த ஊருக்கு வீதி கிடையாது. விமானம் உண்டு, கோடையில் கப்பல் உண்டு, மற்றதெல்லாம் இந்தத் தண்டவாளம்தான்.

வெண்கரடி பார்க்கவா போகிறாய் என்று ரொறன்ரோவில் எல்லோரும் கேட்டார்கள். கரடியைக் கண்டால் மகிழ்ச்சிதான். ஆனால் நான் போவது வண்டியைப் பார்க்க. காரணம் பழையது. நான் கொடிகாமத்துப் பிள்ளை. அப்பா கொழும்பில் வேலை பார்த்தார், யாழ்தேவியில் வருவார். கோச்சி வரும் சத்தம் கேட்டதும் அம்மம்மா உலை வைப்பார். 1990 ஜூனில் அந்தச் சத்தம் நின்றது. எனக்கு அப்போது பதினொரு வயது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அதன்பிறகு அப்பா வீட்டுக்கு வந்ததெல்லாம் கிளாலியில் இரவுப் படகேறித்தான். 2014ஆம் ஆண்டு இதே ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தபோது அம்மம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

ரயில் நின்றுபோன வடக்கு ஒன்றை எனக்குத் தெரியும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வடக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒக்ரோபர் 14, செவ்வாய். புல்வெளி

மதியம் கடந்து சில நிமிடங்களில் புறப்பட்டோம். வெள்ளிநிற எஃகுப் பெட்டிகள், 1950களில் செய்தவை. படுக்கைப் பெட்டியில் சுற்றுலாப் பயணிகள் கமராக்களோடு ஏறினார்கள். நான் இருக்கைப் பெட்டியில். இங்கேதான் வடக்கின் மக்கள் இருக்கிறார்கள். தலையணையும் போர்வையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு முழு மின்விசிறியைப் பெட்டியோடு மடியில் வைத்திருந்தார்.

போர்ட்டேஜ் லா பிறேரி, டோஃபின், பிறகு எல்லை தாண்டிச் சஸ்காச்சுவானுக்குள் ஒரு சுற்று. அறுவடை முடிந்த வயல்கள். தானியக் களஞ்சியங்கள் தொலைவிலிருந்தே தெரிகின்றன. இந்த வழியைப் பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை. கதை இரவு தாண்டி, த பா என்ற ஊருக்கு அப்பால் தொடங்குகிறது.

ஆனால் இந்த வயல்கள் இல்லாமல் அந்தக் கதை இல்லை. மேற்குக் கனடாவின் விவசாயிகள்தான் தங்கள் கோதுமைக்கு ஒரு வடதுறைமுகம் வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டார்கள். முதலில் நெல்சன் துறையைத் தேர்ந்தெடுத்து ஆற்றுமுகத்தில் செயற்கைத் தீவும் பாலமும் கட்டிப் பெரும் பணத்தைக் கொட்டினார்கள். முதல் உலகப் போர் வந்தது, வேலை நின்றது. 1927இல்தான் முடிவு சேர்ச்சிலுக்கு மாறியது. 1929 மார்ச்சில் தண்டவாளம் கடலைத் தொட்டது. 1931இல் முதல் கோதுமைக் கப்பல்கள் போயின.

தண்டவாளத்தைப் போட்டது கோதுமைக்காக. ஆட்கள் அதில் ஏறிக்கொண்டார்கள். நாளை இதைப் பற்றி அதிகம் எழுதுவேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

ஒக்ரோபர் 15, புதன். திக்கட் போர்ட்டேஜ், தொம்சன், பிக்விட்டோனே

விடிந்தபோது காடு. கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள், இடையிடையே ஏரிகள், ஏரி ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி விளிம்பு. சில இடங்களில் மரங்கள் கரிக்குச்சிகளாக நின்றன. இந்தக் கோடையில் மனிற்றோபா மாகாணம் இரண்டு முறை அவசரநிலை அறிவித்தது. வடக்கில் ஊர் ஊராக மக்களை வெளியேற்றினார்கள்.

மைல் கணக்கு த பாவிலிருந்து தொடங்குகிறது. சிறு வெள்ளைப் பலகைகளில் எண்கள். இங்குள்ளவர்கள் இடத்தைச் சொல்வதே மைலால்தான். வாபோடன் 136, திக்கட் போர்ட்டேஜ் 184, பிக்விட்டோனே 213. பெயரே இல்லாத இடங்களிலும் வண்டி நிற்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்தால் இன்ன மைலில் இறக்கிவிடுவார்கள். காலையில் அப்படி ஒருவர் இறங்கினார். துப்பாக்கி உறை, இரண்டு பை, ஒரு நாய். பாதையோரம் ஒரு கூரைகூடத் தெரியவில்லை. மரங்களுக்குள் அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு எதிர் இருக்கையில் கிரீ முதற்குடியைச் சேர்ந்த ஒரு முதிய அம்மா. கண் அறுவைச் சிகிச்சைக்காக வினிபெக் போய்த் திரும்புகிறார். ஒரு கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி. ஊர் பிக்விட்டோனே. நூறு பேருக்கும் குறைவான ஊர். ஆண்டு முழுதும் பயன்படும் வீதி அங்கேயும் இல்லை, திக்கட் போர்ட்டேஜிலும் இல்லை. குளிர்காலத்தில் ஏரி உறைந்தபின் பனிமேல் போடும் பாதை சில வாரம் இருக்கும். இப்போதெல்லாம் அது பிந்தி வருகிறது, முந்திப் போய்விடுகிறது என்றார்.

“நீங்கள் கரடி பார்க்கவா?” என்று அவரும் கேட்டார்.

“இந்த வண்டியைப் பார்க்க வந்தேன்” என்றேன்.

கொஞ்ச நேரம் மூடாத கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு துண்டு பனக் ரொட்டியைப் பிய்த்துத் தந்தார். மேலே பன்றிக்கொழுப்பின் உப்புச் சுவை, உள்ளே மாவின் இனிப்பு. எங்கள் வீட்டு ரொட்டியைத் தடிப்பாகத் தட்டினால் இப்படித்தான் இருக்கும்.

நண்பகலில் தொம்சன். நிக்கல் சுரங்கத்துக்காக எழுந்த நகரம், பதின்மூன்றாயிரம் பேர். வண்டி பிரதான பாதையிலிருந்து விலகி முப்பது மைல் உள்ளே வந்து, மாலைவரை நின்று, வந்த வழியே திரும்பிப் போகிறது. இந்த ஐந்து மணி நேரம்தான் வடக்கின் சந்தை நேரம். வாடகைக் கார்கள் வரிசையில் நின்றன. எல்லோரும் கடைக்குப் போனார்கள், நானும் போனேன். திரும்பி வந்தபோது மேடையில் சாமான் மலை. குழந்தை அணையாடை, உருளைக்கிழங்கு, நாய்த் தீனி, பனிவண்டிக்கு உதிரிப்பாகம், ஒரு கட்டில் மெத்தை. ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் தடித்த மையில் பெயரும் ஊரும். சரக்குப் பெட்டிக்காரர் ஒவ்வொன்றையும் வாங்கி, இறங்கும் ஒழுங்கில் அடுக்கினார். கடைசியில் இறங்குவது உள்ளே, முதலில் இறங்குவது கதவோரம். முட்டை அட்டைகளை மட்டும் தன் நாற்காலிக்கு அருகில் வைத்துக்கொண்டார்.

இந்த ஒழுங்கைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் மானியம் என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஒட்டாவாவில் இந்த வண்டியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பயணி ஒருவருக்கு எவ்வளவு மானியம் என்ற கணக்கைத்தான் முன்வைக்கிறார்கள். இந்த வண்டியை ஓட்டும் வயா ரயில் நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே ஒவ்வொரு தடத்துக்கும் அந்தக் கணக்கு உண்டு. ரொறன்ரோ, மொன்றியல் தடத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தடம் எப்போதும் தலைகுனிந்து நிற்கும். ஆனால் அந்தக் கணக்கில் அட்டைப்பெட்டி இல்லை. இறங்கும் ஆள் ஒருவர், அவரோடு இறங்கும் சாப்பாடு எட்டுப் பேருக்கு. ஒரு வீதியைப் போட்டுவிட்டு அதில் போகும் கார் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மானியம் என்று யாரும் அறிக்கையில் அச்சிடுவதில்லை. ரயிலிடம் மட்டும் ஏன் இந்தக் கேள்வி?

1990 ஜனவரியில் வயா ரயிலின் வண்டிகளில் ஏறத்தாழப் பாதியை மத்திய அரசு வெட்டியது. சேர்ச்சில் வண்டி தப்பியது, வேறு வழியில்லாத ஊர்களுக்கான வண்டி என்பதால். தப்பாதவையும் உண்டு. எங்கள் ஒன்ராறியோவில் ரொறன்ரோவிலிருந்து கொக்ரேன் போன நோர்த்லாண்டரை 2012 செப்ரெம்பரில் நிறுத்தினார்கள். இப்போது திரும்பக் கொண்டுவரும் வேலை நடக்கிறது, இவ்வளவு ஆண்டு கழித்து. சூ செயின்ற் மரியிலிருந்து ஹேர்ஸ்ற் போன அல்கோமா பயணிகள் வண்டி 2015இல் நின்றது, நின்றதுதான்.

இனி நேற்றுச் சொன்ன சிக்கல். இந்தப் பயணிகள் வண்டியை ஓட்டுவது மத்திய அரசின் நிறுவனம். த பாவுக்கு வடக்கே தண்டவாளம் வேறொருவருடையது. 1997இல் சி.என். (கனேடியன் நேஷனல்) ரயில் நிறுவனம் அதை அமெரிக்காவின் ஒம்னிற்றாக்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. சேர்ச்சில் துறைமுகமும் அவர்களிடமே போனது. தானியம் ஓடும்வரை பாதைக்குப் பராமரிப்புக் கிடைத்தது. 2012இல் மேற்கின் கோதுமையை விற்பதில் கனடியக் கோதுமைச் சபைக்கு இருந்த ஏகபோகம் முடிந்தது. வடதுறைமுகத்துக்குத் தானியத்தை அனுப்பிவைத்துக்கொண்டிருந்தது அந்தச் சபைதான். சரக்கு குறைந்தது. 2016 கோடையில் துறைமுகத்தின் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். 2017 மே மாதம் வெள்ளம் வந்து கில்லம் என்ற ஊருக்கு வடக்கே இருபது இடங்களுக்கு மேல் பாதையை அரித்துக்கொண்டு போனது. திருத்தும் செலவைத் தம்மால் ஏற்க முடியாது என்றது உரிமையாளர் நிறுவனம். பதினெட்டு மாதம் சேர்ச்சிலுக்கு வண்டி இல்லை.

வெள்ளம் ஒரு நாளில் வந்தது. ஆனால் பாதை ஐந்து ஆண்டுகளாகவே செத்துக்கொண்டிருந்தது. பயணிகள் வண்டிக்கு மானியம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. அது ஓடும் தண்டவாளத்தைத் தாங்கியது சரக்கு. இந்த மக்களின் வண்டி கோதுமையின் முதுகில் ஏறிப் போகிறது. கோதுமை விழுந்தால் இதுவும் விழும்.

இரவு எட்டு மணிபோல் பிக்விட்டோனே. விளக்கு வெளிச்சமெல்லாம் அங்கே காத்து நின்ற நான்கு சக்கர மோட்டார் வண்டிகளின் முகப்பு விளக்குகளே. புகைபோல் மூச்சு விட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர். சரக்குப் பெட்டியின் கதவு திறந்தது. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. பெட்டிகள் கைமாறிக் கைமாறி இறங்கின. நானும் வரிசையில் நின்று ஓர் உருளைக்கிழங்கு மூட்டையை வாங்கிக் கொடுத்தேன். எதிர் இருக்கை அம்மாவை அவருடைய பதின்ம வயதுப் பேரன் கையில் பிடித்து இறக்கினான். கண்ணின் மேலிருந்த மூடி நனையாமல் இருக்கத் தன் தொப்பியைக் கழற்றி அவருக்குப் போட்டான். சிறு பனி விழத் தொடங்கியிருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி நகர்ந்தது.

ஒக்ரோபர் 16, வியாழன். சேர்ச்சில்

நள்ளிரவுக்குப் பின் கில்லம். அங்கிருந்து சேர்ச்சில் 184 மைல், அதற்கு இரவின் மிச்சம் முழுவதும் போனது. வேகம் இல்லை என்று யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. கீழே நிலம் உறைமண்ணும் சதுப்பும் மாறி மாறி வருவது. 1929இன் குளிர்காலத்தில் உறைந்த சதுப்பின் மேலேயே தண்டவாளத்தைப் போட்டு, சரளையைப் பிறகு கொட்டி நிரப்பினார்கள். உறைந்திருக்கும்வரை பாறைபோல் தாங்கும். உருகினால் ஒரு பக்கம் தாழும். பெட்டி தொட்டில்போல் இடமும் வலமும் ஆடுவது அதனால்தான்.

கில்லத்தில் ஏறிய பாதைத் தொழிலாளி ஒருவர் விளக்கினார். நிலம் எங்கே தாழப்போகிறது என்பது முதலில் கண்ணுக்குத் தெரியாதாம். பாதையோரத்தில் தண்ணீர் தேங்கினால், அங்கே புல் வேறு பச்சையாக இருந்தால், அடுத்த ஆண்டு அங்கே வேலை இருக்கும். “என் அப்பா இதே மைலில் சரளை கொட்டினார். நானும் கொட்டுகிறேன்” என்றார். பாதை சொந்தக்காரர் கைமாறிய ஒவ்வொரு முறையும் அவருக்குச் சட்டை மாறியிருக்கிறது, சவள் மாறவில்லை.

விடியலில் மரங்கள் குட்டையாகி, ஒரு பக்கத்துக்கு மட்டும் கிளைவிட்ட கொடிக்கம்பங்கள்போல் நின்றன. வடமேல் காற்று மறுபக்கத்தைச் சீவிவிடுகிறது. அப்புறம் அந்தத் தந்திக் கம்பங்கள். ஒற்றைக் கம்பம் நட்டால் உறைமண் அதை மேலே தள்ளி விழுத்திவிடும் என்று மும்மூன்று கழிகளைச் சாய்த்துத் தலையில் கட்டி முக்காலியாக நிறுத்தியிருக்கிறார்கள். குழி தோண்டவில்லை. நிலம் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, அது நிற்கிறது. கம்பி அறுந்து தொங்குகிறது, வேலை போய்ப் பல காலம். பல சாய்ந்துவிட்டன. சில இன்னும் நேராக, பனியில் மூன்று கால் ஊன்றி. கண்ணாடியில் நெற்றியை வைத்து எண்ணத் தொடங்கி எண்பதில் விட்டுவிட்டேன்.

காலை ஒன்பதரை மணி. 510ஆவது மைல். தண்டவாளம் முடியும் இடத்தில் நிலையம். அதற்கு அப்பால் தானியக் களஞ்சியம், ஊரிலுள்ள எல்லாவற்றையும்விடப் பெரிது. 1,40,000 தொன் கொள்ளும். ஊரில் ஆட்கள் தொள்ளாயிரம் பேருக்குள்தான். கார்களைப் பூட்டுவதில்லை. தெருவில் கரடி வந்தால் எவரும் எந்தக் காரிலும் ஏறிக்கொள்ளலாம்.

ஒக்ரோபர் 17, வெள்ளி. சேர்ச்சில்

கரடியைக் கண்டேன். கரையோரப் பாறையில் தாயும் குட்டியும், தூரத்தில். கடல் உறையக் காத்திருக்கின்றன. அவ்வளவுதான் சொல்வேன், படங்கள் பலரிடம் இருக்கின்றன.

தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் 2017 பற்றிக் கேட்டேன். பாணும் பாலும் விமானத்தில் வந்தன, விலையும் விமானத்தில் ஏறியது என்றார். வீடுகளுக்குச் சூடேற்றும் புரொப்பேன் வாயு அந்த இலையுதிர்காலத்தில் கப்பலில் வந்தது. குளிர்காலத்தில் கில்லத்திலிருந்து பனிமேல் இழுவை வண்டிகள் சாமான் கொண்டுவந்தன. சேர்ச்சிலில் சிக்கிக்கொண்ட பயணிகள் வண்டியையே கப்பலில் ஏற்றித்தான் வெளியே எடுத்துப் போனார்கள். அதைப் பார்க்கத் துறைமுகத்தில் நின்றவர்களில் இவரும் ஒருவர். “ரயில் கப்பலில் போவதைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. அதுவரை கோபம்தான்” என்றார். அயல்வீட்டார் இரண்டு குடும்பம் அந்த ஆண்டே போய்விட்டார்கள். வீடுகள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.

2018 ஓகஸ்டில் பாதையையும் துறைமுகத்தையும் ஆர்க்டிக் கேற்வே குழு வாங்கியது. மத்திய அரசு 11.7 கோடி டொலர் ஒதுக்கியது. ஒக்ரோபர் முடிவதற்குள் பாதையைத் திருத்திவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் முடியாது என்று கிடந்த வேலை, மனம் வந்தபின் சில வாரங்களில் முடிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் பயணிகள் வண்டி வந்தபோது ஊரே நிலையத்தில் நின்றதாம். 2021இலிருந்து உரிமை முழுக்க வடக்கின் முதற்குடிகளிடமும் பாதையோர ஊர்களிடமும் இருக்கிறது, மொத்தம் 41 சமூகங்கள். நான் அறிய, இந்த நாட்டில் இப்படி ஒன்று அரிது. பாதையை நம்பி வாழ்பவர்களே பாதைக்குச் சொந்தக்காரர்கள்.

உரிமை வந்துவிட்டது. உருகும் நிலமும் அதோடு வந்தது. 2022இல் மத்திய அரசு இரண்டாண்டுக்கு 6 கோடி டொலர் தந்தது. இந்த ஆண்டு ஐந்தாண்டுக்கு 17.5 கோடி. சிறிய தொகை என்று சொல்லமாட்டேன். ஆனால் தவணை தவணையாக வருகிறது. மண் தாழ்வது தவணை பார்ப்பதில்லை.

போன மாதம் பிரதமர் கார்னி நாட்டின் பெருந்திட்டங்களோடு சேர்ச்சில் துறைமுக விரிவாக்கத்தையும் சேர்த்துச் சொன்னார். மேம்பட்ட ரயில்பாதை, எல்லாக் காலத்துக்குமான வீதி, பனி உடைக்கும் கப்பல் என்று பட்டியல். ஊரில் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கும் மகிழ்ச்சியே, பாதையில் சரக்கு ஏறட்டும். 2024இல் ஸ்னோ லேக் சுரங்கத்தின் துத்தநாகம் இந்தத் துறைமுகம் வழியாகப் போனது நல்ல செய்தி. ஆனால் நான் கேட்ட எந்தப் பேச்சிலும் பிக்விட்டோனே வரவில்லை. சரக்கை நம்பி மறுபடி எல்லாவற்றையும் கட்டினால், அந்தச் சரக்கு மறுபடி விழும் நாளில் மறுபடி இதே கதைதான். பாதையைப் பராமரிக்கும் செலவு கோதுமை விலையோடும் துத்தநாக விலையோடும் ஏறி இறங்கக் கூடாது. அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, ஆண்டுதோறும் கேட்காமலே வரவேண்டிய பணம் அது. பாலத்துக்கு வருவதுபோல, பள்ளிக்கூடத்துக்கு வருவதுபோல.

ஒக்ரோபர் 19, ஞாயிறு. தெற்கே

நேற்று மாலை ஏறினேன். இருக்கைப் பெட்டியில் பாதி இடம் காலி. பள்ளிப் பிள்ளைகள் சிலர் தொம்சனில் ஹொக்கி விளையாடப் போகிறார்கள், மட்டைகளை நடைபாதையில் சாய்த்துவைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

காலையில் பிக்விட்டோனே. இந்த முறை வெளிச்சத்தில் பார்த்தேன். பழைய நிலையக் கட்டடம், இருபது முப்பது வீடுகள், ஒரு ஆறு, தரையெல்லாம் புதிய பனி. தொப்பிக்காரப் பேரன் நின்றான். தொப்பி அவன் தலைக்குத் திரும்பியிருந்தது. வெறுமையான குளிர்ப்பெட்டிகள் இரண்டையும் ஒரு காலிப் புரொப்பேன் உருளையையும் சரக்குப் பெட்டிக்காரரிடம் ஏற்றிக் கொடுத்தான். அம்மம்மாவின் கண் எப்படி என்று கதவிலிருந்து கேட்டேன். மூடியைக் கழற்றிவிட்டார், நேற்று வலையைத் தைத்தார் என்றான்.

சரக்குப் பெட்டிக்காரர் குளிர்ப்பெட்டியின் மூடியில் பழைய பெயர்த்தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். பெயர், 213, புதன். மூடியை இரண்டு முறை தட்டி உள்ளே தள்ளினார். வண்டி நகர்ந்தது.